அபவாதமும் படிதாண்டும் உரிமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண வாழ்க்கையில் தமிழ்ப் பெண் பட்ட பாட்டை அறிய அக்காலத்து நாவல்களே நல்ல சான்று. 1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. 1891இல் உடலுறவுக்கான பெண்ணின் சம்மத வயது 10இலிருந்து 12 ஆக உயர்ந்தது. ஆனால் மாமியார் சொல்லும் ஊர்ப் பேச்சும் கணவனின் சந்தேகமும் இந்தச் சட்டங்களுக்கு எட்டாதவை. அவற்றை எழுதிவைத்தவை கதைகள்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதன் நாயகி ஞானாம்பாள் படித்தவள், கணவனைவிடக் கூர்மையானவள். ஒரு நாட்டையே ஆள்கிறாள். ஆனால் ஆண் வேடத்தில்தான். பெண்ணறிவைப் போற்றிய வேதநாயகம் பிள்ளையின் கற்பனைகூட அவளைச் சேலையோடு அரியணையில் அமர்த்தவில்லை.

வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜமய்யர் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதினார். கதை நடப்பது மதுரை ஜில்லாவின் சிறுகுளத்தில். 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்பது அதன் மற்றொரு தலைப்பு. அபவாதம், அதாவது வீண்பழி, கமலாம்பாளின் நடத்தையைப் பற்றியது. அதைக் கேட்ட கணவர் முத்துஸ்வாமி அய்யர் மனைவியிடம் விசாரிக்காமல் வீட்டைத் துறந்து போகிறார். அவர் போனதற்குத் துறவு என்று பெயர், ஊர் மதிக்கும். அவளே படி தாண்டியிருந்தால் அந்த அபவாதமே மெய்யாகியிருக்கும். முடிவில் இருவரும் சேர்கிறார்கள். ஆனால் விட்டுப்போகவும் திரும்பவும் முடிந்தது அவருக்கு மட்டுமே. நார்வேயின் இப்சன் எழுதிய நாடகத்தில் நோரா கணவன் வீட்டை விட்டு வெளியேறியது 1879இலேயே. தமிழ்க் கதையில் வெளியேறியவர் கணவர்.

அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898இல் வந்தது. அதில் ஆங்கிலம் படித்த நாராயணனும் மனைவியைச் சந்தேகிக்கிறான். ஆணின் படிப்பு மட்டும் பெண்ணைக் காக்காது என்பதற்கு அதுவே சாட்சி. மாதவையா 1892இல் 'சாவித்திரி சரித்திரம்' என்று தொடங்கிய, இடையில் நின்றுபோன தொடர், 1903இல் 'முத்துமீனாட்சி' நாவலானது. பால்ய மணம், மாமியார் கொடுமை, விதவைக் கோலம் என எல்லாவற்றையும் ஒரு பெண்ணே தன் வாயால் சொல்கிறாள், மறுமணமும் செய்துகொள்கிறாள். சட்டம் தந்த உரிமை கதைக்குள் வர நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

இம்மூவரும் ஆண்கள், பெண்கல்வியை மதித்தவர்கள். அவர்கள் காட்டிய துயரம் உண்மை. தந்த தீர்வு பாதிதான். கல்வியும் நல்ல கணவனும் போதும் என்று நம்பினார்கள். கமலாம்பாளுக்குத் தேவைப்பட்டவை வேறு: தன் பெயரில் சொத்து, வேண்டாத மணத்தை விட்டு விலகும் வழி. சென்னை மாகாணத்தில் இந்துப் பெண்ணுக்கு மணமுறிவுச் சட்டம் 1949இல் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகனோடு சமபங்கு தமிழ்நாட்டில் 1989இல்தான் கிடைத்தது. அபவாதம் மட்டும் இன்னும் சட்டத்துக்கு முழுதும் அடங்காமலே இருக்கிறது.