குழந்தை யாருக்குச் சொந்தம்?

செஞ்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் குடும்பத்தோடு புறப்படுவோர் இப்போது அபூர்வமல்லர். அப்படிப் புறப்படும் வீடுகளில், பிறந்து சில மாதமே ஆன சிசுவுக்கும் பாஸ்போர்ட் எடுத்தாக வேண்டும் என்று கேள்விப்படும் பெரியவர்கள், “மடியில் கிடக்கிற பிள்ளைக்குத் தனிப் புத்தகமா!” என்று வியப்பும் சற்றே எரிச்சலுமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வியப்பதில் தவறில்லை. தாய் அல்லது தந்தையின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரைச் சேர்த்து எழுதிக்கொள்ளும் வழக்கம் முன்பு நம் தேசத்திலும் இருந்தது. ஐரோப்பிய யூனியனிலோ 2012 ஜூன் மாதம்வரை அது அடியோடு ஒழியவில்லை. ஒருவருக்கு ஒரு பாஸ்போர்ட் என்னும் இன்றைய நியதி, பிறர் குழந்தையைத் தம் குழந்தையென்று சொல்லி எல்லை கடத்துவதைத் தடுக்க உதவும் ஒரு நிர்வாக ஏற்பாடுதான். ஆயினும், விதி வகுத்தவர்கள் அறிந்தோ அறியாமலோ, மிகப் பழைய தத்துவ விசாரம் ஒன்று அதனடியில் கிடக்கிறது. குழந்தை பெற்றோரின் அம்சமா, அல்லது தனக்கென யாத்திரை உடைய வேறொரு ஜீவனா?

அம்சமே என்று சொல்லும் மரபுக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. தந்தையே தாயின் கர்ப்பத்தில் மறுபடியும் ஜனிக்கிறான் என்பது ஐதரேய உபநிஷதத்தின் கருத்து. ராஜாங்கங்களும் பெரும்பாலும் இதையே கையாண்டு வந்திருக்கின்றன. 1689-ஆம் ஆண்டில் சிவாஜியின் இளைய குமாரர் ராஜாராம், மாறுவேடம் பூண்டு, பெயரை மறைத்து, எங்கள் செஞ்சிக் கோட்டைக்கு வந்து சேர்ந்த அதே காலத்தில், அவருடைய தமையன் சம்பாஜியின் மகன் ஷாஹு ஏழு வயதில் ராய்கட்டில் மொகலாயர் கையில் அகப்பட்டு, 1707 வரை சிறையிருக்க நேர்ந்தது. இன்னார் மகனாகப் பிறந்ததையன்றி அந்தப் பாலகன் செய்த குற்றம் வேறொன்றுமில்லை. இவ்வளவு கொடுமையில்லாத உதாரணம் ஒன்று, செஞ்சியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரியில் இருக்கிறது. அவ்வூரை இந்தியாவுக்கு அளிக்கும் உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்க விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும் என்றும், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளைகள் எந்தத் தேசத்தார் என்பதைத் தந்தையின் தேர்வும், அவர் காலமாகியிருந்தால் தாயின் தேர்வும் நிர்ணயிக்கும் என்றும் விதித்தார்கள். தகப்பனார் ஒரு காகிதத்தை எழுதித் தந்த வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர். எழுதாமல் விட்ட அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இந்தியர்.

இதற்கு நேர்மாறான விடையும் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே உண்டு. திருநாதர்குன்றில் இருபத்து நான்கு ஜைனத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையிலே செதுக்கப்பட்டிருக்கின்றன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியையும் அங்குள்ள பழங்கல்வெட்டு சொல்லுகிறது. ஜீவன் அநாதியானது, தன் வினையைத் தானே ஈட்டித் தானே கழிப்பது, பெற்றோர் அதற்குத் தேகத்தைத் தருவார்களேயன்றி அதைச் சிருஷ்டிப்பதில்லை என்பது ஜைன சித்தாந்தம். உயிர் அநாதி என்ற மட்டில் சைவ சித்தாந்திகளும் அவர்களோடு வாதுக்கு வரமாட்டார்கள். ஜைனரோ இன்னும் ஒரு படி மேலே சென்று, மாறாத திரவியத்தையும் கணந்தோறும் மாறும் பரியாயத்தையும் ஒரே பொருளில் சேர்த்துக் காண்கிறார்கள். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்தாண்டு அல்லது பதினெட்டு வயது நிறைவு, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும் என்று எழுதியவர் இந்தச் சாஸ்திரத்தையெல்லாம் படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால், வெள்ளைப் பின்னணியில் பொக்கை வாயோடு எடுத்த பழைய படத்தையும், எதிரே நிற்கும் பள்ளிக்கூடப் பையனின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்துகிற அதிகாரி, பரியாயம் மாறினும் திரவியம் ஒன்றே என்று ஒப்புக்கொண்டவராகிறார். தனிப் புத்தகம் கேட்கும் சட்டம், நம் வீட்டுப் பாசத்தைவிட நம் சாஸ்திரத்துக்கு அருகில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

அப்படியானால், உயிர் தனி என்று ஏற்ற அதே சட்டம், மைனர் குழந்தையின் விண்ணப்பத்தோடு தாய் தந்தை இருவரும் சம்மதித்துக் கையொப்பமிட்ட ‘டி’ படிவத்தையும், ஒருவர் கையொப்பம் கிட்டாதபோது மற்றவர் காரணம் கூறும் ‘சி’ படிவத்தையும் கேட்பானேன்? விநயபிடகத்தில் இதற்கு வெளிச்சம் தரும் சரிதம் ஒன்று இருக்கிறது. புத்தர் கபிலவஸ்துவுக்கு வந்தபோது அவர் மகன் ராகுலன் தன் பிதுரார்ஜிதத்தைக் கேட்டுப் பின்தொடர, பாலகனாகிய அவனுக்குத் துறவையே அளித்துவிட்டார். மகனை முன்பே இழந்திருந்த சுத்தோதனர் பேரனையும் இழந்த துக்கம் தாளாமல் முறையிட, அதுமுதல் தாய் தந்தையரின் அனுமதியின்றி எந்தப் பிள்ளையையும் சங்கத்தில் சேர்க்கலாகாது என்று பகவான் விதித்தார். ஆத்மா என்று நிலையான பொருள் எதுவும் இல்லை என்று போதித்தவர், பெற்ற மனத்தின் வேதனைக்கு இவ்வளவு இடம் கொடுத்தார். ஆயினும் ராகுலன் திரும்ப அரண்மனைக்கு அனுப்பப்படவில்லை. அனுமதி வேறு, உடைமை வேறு. அடைக்கலப் பொருளைக் காப்பவன் அதற்கு உரியவன் அல்லன். ஆனால் அவனைக் கேளாமல் பிறர் அதை எடுத்துச் செல்லவும் கூடாது. படிவத்தில் இடும் கையொப்பத்தை நான் இவ்வாறுதான் பொருள்கொள்ளுகிறேன்.

இந்தப் பொருள் எல்லா இடத்திலும் செல்லுபடியாகிவிடுவதில்லை. 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயது வேங்கடராமன், தமையனாரின் கல்லூரிச் சம்பளப் பணத்தில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, தன்னைத் தேட வேண்டாமென்று கையொப்பமில்லாத ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டு, மதுரையிலிருந்து திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கி ரயிலேறினார். வழியில் விவரம் தெரிந்து விழுப்புரத்திலேயே இறங்கிவிட்டார். இல்லாவிடில் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத்தான் திருவண்ணாமலைக்கு நடந்திருப்பார். தந்தை சுந்தரமையர் நான்காண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். அனுமதி கேட்பதென்றால் மானாமதுரையில் இருந்த தாய் அழகம்மாளைத்தான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இரண்டாண்டுகள் கழித்து அந்த அம்மையாரே திருவண்ணாமலைக்கு வந்து, வீடு திரும்பும்படி அழுது மன்றாடியும் மகன் அசையவில்லை. பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் வணங்கிய அந்தச் சிறுவன் போகத்தான் வேண்டியிருந்தது என்று நானும் கருதுகிறேன். ஆனால், புறப்படுவதற்கு முதல்நாள் யாராவது ஒரு சம்மதப் படிவத்தை நீட்டியிருந்தால் அழகம்மாள் அதில் கையொப்பமிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இடாததற்காக அவரைக் குறைகூறவும் எனக்கு மனம் வராது.