உணவு வேளையும் சொன்ன நேரமும்

ரமலான் மாதத்தில் அதிராம்பட்டினத்தின் மாலைப் பொழுதைக் கண்ட நம்மவர்க்கு ஓர் ஒற்றுமை எளிதில் புலப்படும். பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி ஆயத்தமாக இருக்கும். கதிரவன் மறைந்து பாங்கொலி எழுந்ததும், பகல் முழுவதும் நீரும் அருந்தாதிருந்தோர் நோன்பு துறப்பர். அவர்கள் உண்ணத் தொடங்கும் அந்த வேளையில் இரவுண்ணாமை பேணும் சைன இல்லறத்தாரின் உணவு வேளை முடிந்திருக்கும். கண்டிப்பாக ஒழுகுவோர் மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னதாகவே கையலம்பி விடுவர். ஒருவர்க்குத் தொடக்கம், மற்றவர்க்கு முடிவு. ஆயினும் இருவருமே நிமிடத்தைப் பொருட்படுத்துகின்றவர்கள். அவ்வூர்க் கதிரவனும் ஆனி மாதத்தில் ஆறரை மணிக்குப் பின்னும், கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னும் மறைகின்றான். ஆகவே சுவர்க் கடிகாரத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

இத்தகைய கடற்கரை ஊர்களின் இசுலாமியத் திருமண விருந்துகளில் சஹன் எனப்படும் பெரிய தட்டைச் சுற்றிச் சிலர் ஒருங்கே அமர்ந்து உண்பது வழக்கம். ஒரு தட்டுக்குரியவருள் ஒருவர் வரவில்லையெனில் ஏனையோர் கை வைக்கத் தயங்குவது இயல்பு. தாமதித்தவர் எவரைக் காக்க வைத்தார் என்பது அங்கு கண்ணெதிரே தெரிந்து விடுகின்றது. அவ்வாறு தெரியாத இடங்களில்தான் சிக்கல் தொடங்குகின்றது.

அயல்நாடுகளில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் நம் சமூகப் பெரியோர் இன்று பலர். அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரை அடுத்து, 1971-இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் கேளிக்கைப் பூங்காவுக்குப் பேரக்குழந்தைகள் அவர்களை அழைத்துச் செல்வதும் உண்டு. அங்குள்ள உணவகங்களில் 60 நாட்களுக்கு முன்னரே மேசைக்குப் பதிவு செய்யலாம். சொன்ன நேரத்துக்குப் பின் ஏறத்தாழ 15 நிமிடம் பொறுப்பர். அதன் பின் மேசை கிடைக்குமென்ற உறுதி இல்லை. வாராது போனால் பல உணவகங்களில் தலைக்குப் பத்து டாலர் வசூலிப்பர். ராட்டினத்துக்கு ஒரு வரிசை, கோட்டையின் முன்னே புகைப்படத்துக்கு ஒரு வரிசை என்று நின்றுவிட்டு, ‘பத்து டாலர்தானே, போகட்டும்’ என்று சொல்லி விடுவது எளிது. ஆனால் அக்குழுவில் இரவுண்ணாமை காக்கும் பாட்டியார் ஒருவர் இருப்பின்? சூன் மாதத்தில் அங்கு எட்டு மணிக்கு மேலும் வெயில் இருக்கும், கவலையில்லை. டிசம்பரிலோ ஐந்தரை மணியளவில் கதிரவன் மறைந்து விடுகின்றான். ஐந்து மணிக்குப் பதிவு செய்து அரைமணி தாமதித்தால், மற்றவர்க்கு அது தாமதம். அவர்க்கு அது மறுநாள் காலை வரை பட்டினி.

பணம் இதனை ஈடு செய்யுமா? இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்கள் சிலவற்றில், பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோர்க்குத் தண்டம் விதித்துப் பார்த்தனர். க்னீசி, ருஸ்டிச்சினி என்னும் பொருளியல் அறிஞர் இருவர் அதன் முடிவை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தண்டம் வந்தபின் தாமதம் குறையவில்லை, கூடிற்று! தண்டத்தை நீக்கிய பின்னரும் பழைய நிலை திரும்பவில்லை. முன்பு ஆசிரியையைக் காக்க வைக்கின்றோமே என்று கூசியவர்கள், இப்போது அதற்கு விலை கொடுத்து விட்டோம் என்று எண்ணலாயினர். கூச்சம் போயிற்று.

களவின்மை என்னும் அணுவிரதத்துக்கு ஆகமங்கள் கூறும் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று, அளவையிலும் நிறையிலும் வஞ்சித்தல். மரக்காலுக்கும் படிக்கற்களுக்கும் சொல்லப்பட்டது அது. ஏழு மணி என்று சொல்லி ஏழே முக்காலை அளந்து கொடுப்பதும் குறைந்த மரக்காலே என்பது என் கருத்து. அந்த முக்கால் மணியில் அடுப்பண்டை நிற்பவரின் வேலை நேரம் நீளுகின்றது. ‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட வேறொரு குடும்பம் வேறெங்கோ அலைகின்றது. அவர்கள் தாமாக விரும்பி நமக்குக் கொடுத்தது அன்று அது.

அதிதி என்றால் வருவாரில்லையா, அவர்க்கு நேரம் ஏது என்று சிலர் கேட்கக் கூடும். திதி குறிக்காது வருபவரே அதிதி என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். நம் முனிவர் அழைப்பை ஏற்றுச் செல்வதில்லை. தமக்கென்று சமைத்ததையும் கொள்வதில்லை. நாளுக்கு ஒரே வேளை, நின்றவாறே, கையில் ஏந்தி உண்கின்றார். இடையூறு நேரின் வாளா திரும்பி மறுநாள் வரை உண்ணாதிருக்கின்றார். வீட்டாரைக் குறை கூறுவதில்லை. எந்த இடத்தையும் தமக்கென்று நிறுத்தி வைக்கச் சொல்லாதவர்க்கே நேரம் குறிக்காது வரும் உரிமை உண்டு. மேசையைப் பிடித்து வைக்கச் சொன்ன நாம் அதிதிகள் அல்லோம்.

எனினும் தாமதமெல்லாம் ஒரே தன்மையது அன்று. திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் 2019-இல் ரயில் விடப்பட்டபோது, வழியிலுள்ள கேட்டுகளுக்குப் போதிய ஆள் இல்லை. ரயிலிலேயே வந்த பணியாளர் இறங்கிக் கேட்டை மூடி, ரயில் கடந்தபின் திறந்து, மீண்டும் ஏறிக்கொண்டனர். அதிராம்பட்டினம் வழியான அப்பயணம் மணிக்கணக்கில் நீண்டது. பயணியர் முணுமுணுத்தது உண்மையே. ஆனால் மெதுவாகச் செல்லுதல் வேறு, சொன்ன நேரம் தவறுதல் வேறு. அந்த நீண்ட நேரம் காலஅட்டவணையிலேயே எழுதப்பட்டிருந்தது. மூட்டு வலியால் மெல்ல நடப்பவரும், வழியில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி விட்டு வந்தவரும் குற்றவாளிகள் ஆகார். ஆகமங்கள் குற்றமென்பது பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை. (பேச்சுத் தமிழில் அச்சொல் எப்படியோ பாராட்டாக மாறி விட்டது, தாமதமாக வந்தவர் ‘விருந்து பிரமாதம்’ என்பது இரட்டைப் பொருத்தம்!) நேரம் தவறுமென்று அறிந்தவுடன் தொலைபேசியில் ஒரு சொல் சொல்பவர் பிரமாதத்தினின்று பெரும்பாலும் நீங்கி விடுகின்றார். அங்கே காத்திருப்பவர் அடுப்பை அணைக்கலாம், மேசையைப் பிறர்க்குத் தரலாம்.

இனி, காக்க வைக்கப்பட்டவரின் பக்கம். பிறர் அயர்ச்சியால் உணவு இழந்த பாட்டியார் அந்த இரவை உபவாசமாக ஏற்கலாம். குரோதத்தோடு ஏற்றால் அது வெறும் பசியே. அதற்காக, அவரது பொறுமையை மற்றவர்கள் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக் கொள்வது சிறுமையினும் சிறுமை. ‘அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்’ என்னும் பேச்சு நம் இல்லங்களில் மிகுதியாகக் கேட்கின்றது. டிசம்பர்ப் பயணமாயின் நான்கு மணிக்கே மேசை கேட்டுப் பதிவு செய்வதில் என்ன கடினம்? ராட்டினம் மறுநாளும் சுற்றும்.

அவ்வாறு செய்யத் தவறி, இருட்டிய பின் எல்லோரும் உண்ண அமர்ந்தால், அவர் எழுந்து செல்வதா, உடன் அமர்ந்திருப்பதா என்பது அவர் விருப்பம். அமர்ந்திருப்பதையே நான் வேண்டுவேன். குழந்தைகளின் தொண்டையில் உணவு இறங்க வேண்டுமல்லவா?