பொது வீடு

காசு வாங்கிக்கொண்டு சோறு போடுகிறவனை விருந்தோம்புகிறவன் என்று சொல்ல நம் நாக்குக் கூசுகிறது. அவன் வியாபாரி, அவனுடைய சிரித்த முகமும் சரக்கில் ஒன்று என்று ஒதுக்கிவிடுகிறோம். வள்ளுவரும் விருந்தோம்பலை இல்லறத்தில் வைத்தாரே தவிரக் கடைத்தெருவில் வைக்கவில்லை. ஆயினும் வழிப்போக்கனின் பக்கத்தில் நின்று பார்த்தால், இந்தத் தீர்ப்பு அவ்வளவு நேரானதாக எனக்குப் படவில்லை.

இங்கிலாந்தின் வட பகுதியில், யார்க்ஷயர் மேட்டுநிலத்தில், 'டான் ஹில் இன்' என்று ஒரு விடுதி இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1,732 அடி. பிரிட்டனிலேயே மிக உயரத்தில் உள்ள மதுவிடுதி அதுதான். ஒரு காலத்தில் அந்தப் பொட்டல் மேட்டில் நிலக்கரி வெட்டினார்கள். சுரங்கத் தொழிலாளிகள் தொண்டை நனைக்க அங்கே வந்தார்கள். பிறகு சுரங்கங்கள் மூடப்பட்டன, தொழிலாளிகள் போய்விட்டார்கள், விடுதி மட்டும் காற்றுக்குத் துணையாகத் தனியே நிற்கிறது. 1965-இல் திறக்கப்பட்ட 'பென்னைன் வே' என்ற 268 மைல் நடைபாதை அதன் வாசலை ஒட்டிச் செல்கிறது. தெற்கே நாலு மைல் நடந்தால் கெல்ட் என்னும் சிற்றூர். அங்கே ஸ்வேல் ஆறு பாறைக்குப் பாறை தாவி அருவிகளாய் விழுகிறது. அதற்கப்பால் பள்ளத்தாக்கு விரிகிறது. சாந்து பூசாமல் அடுக்கிய கல் மதில்கள், வயல்களின் நடுவே கல்லால் கட்டிய கொட்டில்கள், கோடையில் பூத்துக் கிடக்கும் புல்வெளிகள், கறுத்த முகமும் சுருண்ட கொம்புமாய் மேயும் செம்மறிகள்!

பார்க்க வருகிறவர்களுக்கு இவையெல்லாம் காட்சிகள். ஆனால், மழையில் நனைந்து, கால் வலிக்க, இருட்டும் வேளையில் மேடேறி வருகிறவனுக்கு அந்தச் சீமையிலேயே அழகான காட்சி எது? விளக்கு எரியும் ஒரு ஜன்னல்தான். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் அவனுக்கு உறவினர் அல்லர், நண்பரும் அல்லர். காசு கேட்பார். கேட்கட்டுமே! அதனால் என்ன குறைந்துவிட்டது?

உறவினர் வீட்டில் மூன்றாம் நாளும் தங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்று இருக்கும்; கேட்க வாய் வராது. அடுக்களையில் பாத்திரம் சற்றுப் பலமாக ஓசையிட்டால், அது நமக்காகத்தானோ என்று மனம் சுருங்கும். இலவசமாகப் பெறும் அன்புக்கு ஒரு பாரம் உண்டு. கொடுப்பவர் நல்லவராக இருந்தாலும் வாங்குகிறவன் தலை தாழ்கிறது. விடுதியிலோ, தன் பங்கைக் கொடுத்துவிட்ட மனிதன் நிமிர்ந்து உட்கார்கிறான். நன்றி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் சொல்லும் நன்றிக்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

காசே இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவனுக்குத் தர்மம்தான் வழி; அதற்காகத்தான் நம் முன்னோர் பாதையோரங்களில் சத்திரங்கள் கட்டினார்கள். சத்திரம் இருப்பதால் விடுதி இழிவாகிவிடாது. நாட்டுக்கு இரண்டும் வேண்டும்.

காசு வாங்குவதை நான் பழிக்கவில்லை. எனக்குக் கவலை தருவது வேறு. காசு கொடுத்தாலும் கதவு திறக்காத இடங்கள் உண்டு.

1943-இல் புகழ்பெற்ற மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன், லண்டனில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு மனைவியோடும் மகளோடும் சென்றார். முன்கூட்டியே இடம் பதிவு செய்திருந்தார். ஆனால் அவருடைய நிறத்தைக் கண்டு, அங்கே தங்கியிருந்த வெள்ளையர் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று அஞ்சி, அவரை வெளியேறச் சொன்னார்கள். அவர் வழக்குத் தொடுத்தார்; 1944-இல் வென்றார். கிடைத்த நஷ்டஈடு வெறும் ஐந்து கினிதான். ஆனால் ஒரு பழைய நியாயம் உறுதிப்பட்டது. விடுதிக்காரன் தகுந்த காரணமின்றி வழிப்போக்கனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்நாட்டின் நெடுங்காலச் சட்டம். 1956-இல் வந்த ஹோட்டல் சட்டமும் அதையே வரையறுத்தது. வருகிறவன் நியாயமான கட்டணம் தரக்கூடியவனா, உள்ளே சேர்க்கத்தக்க நிலையில் இருக்கிறானா என்று மட்டும் பார்க்கலாம். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கலாகாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'பப்' என்று சுருக்கி அழைக்கிறோமே, அதன் முழுப் பெயர் 'பப்ளிக் ஹவுஸ்', அதாவது பொது வீடு. படுக்கை தரும் விடுதிக்கு இருந்த இந்தக் கடமை, குடிக்க மட்டும் இடம் தரும் பொது வீட்டுக்குக் கிடையாது! பெயர்தான் பொது. 1964-இல் பிரிஸ்டல் நகரத்தில் பால் ஸ்டீஃபன்சன் என்ற கறுப்பின இளைஞருக்கு ஒரு மதுவிடுதியில் பானம் தர மறுத்தார்கள். அவர் எழுந்து போக மறுத்தார். போலீஸ் வந்தது, வழக்கு வந்தது, வழக்கு தள்ளுபடியும் ஆயிற்று. அடுத்த ஆண்டு, 1965-இல், பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது.

வெள்ளைக்காரனைக் குறை சொல்லிவிட்டு நாம் திண்ணையில் சாய்ந்துகொள்ள முடியாது. உணவு விடுதியில் சாதி பார்த்து நுழைவை மறுக்கலாகாது என்று நம் அரசியல் சாசனம் 1950-லேயே சொல்லிவிட்டது. அவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே. சொன்ன பிறகும் எத்தனை சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்தோம்! இரண்டு குவளைக்கும் ஒரே விலை. காசு செல்லுபடியாயிற்று, மனிதன் செல்லுபடியாகவில்லை.

சட்டம் கதவைத் திறந்துவிடும்; அடுப்பருகே நாற்காலியை இழுத்துப் போட அதற்குக் கை இல்லை. 2021 நவம்பர் 26-ஆம் தேதி இரவு டான் ஹில் விடுதியில் பாட்டுக் கச்சேரி கேட்கப் பலர் கூடியிருந்தார்கள். ஆர்வென் புயல் வந்தது. பனி குவிந்து வாசலை அடைத்தது, சாலைகள் மறைந்தன. 60 பேருக்கு மேல் மூன்று இரவுகள் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள் தரையில் படுத்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், படம் பார்த்தார்கள், பாடினார்கள். கச்சேரி கேட்க வந்தவர்கள் திங்கட்கிழமை பிரியும்போது சிநேகிதர்களாகியிருந்தார்கள். இது எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத சரக்கு. எந்தச் சட்டமும் உத்தரவிட முடியாதது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. முதலில் அவர்கள் அத்தனை பேரையும் அந்தக் கதவு உள்ளே விட்டிருந்தது. கதவு ஆள் பார்த்துத் திறந்திருந்தால், பனி யாரையும் யாருக்கும் உறவாக்கியிருக்காது.

'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். புதியவன்தான் விருந்தினன். மாமனையும் மச்சானையும் அழைத்து இலை போடுவது உறவு பேணுதல். நல்ல காரியம், ஆனால் வேறு காரியம். ஆகையால், விருந்தோம்புகிறவனை அளக்க அவன் காசு வாங்குகிறானா என்று நான் பார்ப்பதில்லை. முன்பின் அறியாத முகம் வாசலில் நிற்கும்போது, அவன் பார்வை முதலில் எங்கே போகிறது என்று பார்க்கிறேன். வந்தவனுடைய ஈரச் சட்டைமீது போகிறதா, அல்லது சட்டைக்குள் இருக்கும் தோலின்மீது போகிறதா? கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்தபடியே ஈரச் சட்டையைப் பார்க்கத் தெரிந்தவன், எனக்குத் தெரிந்த பல தர்மப் பிரபுக்களைவிட மேலானவன்.