கடைசியாக நன்றாக இருந்த நேரம்

லேபாக்ஷி. புளியமரத்தடியில் வேன். இன்னும் முழுதாக விடியவில்லை.

பலகைப் படுக்கையில் புரண்டு படுக்கிறேன். போன் மினுங்குகிறது. அத்தை.

திண்டுக்கல்லில் டிக்காசன் இறங்கிக்கொண்டிருக்கிறது. பால் இன்னும் வரவில்லை. "அங்கிட்டு வெயிலு எப்படி? பாத்து ஓட்டு சாமி."

வைத்துவிடுகிறாள்.

*

கோயிலில் கல்யாண மண்டபத்துக்குக் கூரை இல்லை. விஜயநகரக் காலத்து வேலை, பாதியில் நின்றது. தூண்கள் மட்டும். நடுவில் வானம்.

யாரிடமும் பேசாத நாள்கள். காது கூர்மையாகிவிடுகிறது. கிளிகள். ஈரக் கல்லில் துடைப்பம்.

உள்ளங்காலில் குளிர்ச்சி. அது மெல்லக் குறைகிறது.

*

வேனுக்குத் திரும்பி அடுப்பைப் பற்றவைக்கிறேன். பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள். பிறகு ஓசை.

போன். எதிர்வீட்டு அக்கா. மூச்சு வாங்குகிறது.

"பால் பாக்கெட் கேட்டுலயே தொங்குச்சு. என்னன்னு போய்ப் பாத்தா அத்தை கீழ கெடக்குறாங்க. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. வலது கை தூக்க வரல. 108-க்குச் சொல்லியாச்சு. நானும் கூடப் போறேன்."

அடுப்பை அணைக்கிறேன். நீர் உடனே அடங்குவதில்லை.

*

ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில். தொடைக்குக் கீழே சூடு ஏறுகிறது. அது எஞ்சினா, பதற்றமா. உடம்பு பிரித்துச் சொல்வதில்லை.

ஹம்பிக்கான வழி போனில் இன்னும் ஓடுகிறது. திரும்பச் சொல்கிறது. நிறுத்துகிறேன்.

கொடிகொண்டா. இங்கிருந்து 44. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற சாலை. திண்டுக்கல்லைத் தொட்டுக்கொண்டு போகிறது.

விடாமல் போனால் அத்தை.

*

பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட மூளையில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. 2006-ல் வந்த கணக்கு. எப்போதோ படித்தது, இப்போது வருகிறது.

வேகமுள் 70-ல் நடுங்குகிறது. நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர், சற்றே கூட.

இரண்டு எண்களும் அருகருகே ஓடுகின்றன. எதையும் நிறுத்த முடியவில்லை.

*

பாகேப்பள்ளி. ஓரம் கட்டுகிறேன். டாக்டர் பேசுகிறார். குரலில் அவசரம் இல்லை.

"அவங்க கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கு? யாருக்காவது தெரியுமா?"

அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டில் வேறு ஆள் இல்லை. கண்டபோதே விழுந்து கிடந்தாள்.

போனில் அழைப்புப் பட்டியலைத் திறக்கிறேன். விரல் ஒரு முறை தவறுகிறது.

அத்தை. 6.10. நான்கு நிமிடம்.

"6.14 வரைக்கும் என்கிட்ட தெளிவாப் பேசினாங்க."

அவர் திரும்பி அந்த நேரத்தை யாரிடமோ உரக்கச் சொல்கிறார்.

*

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம் கெடு. எப்போது தாக்கியது என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். 1995-ல் வந்த ஆய்வு மூன்று மணி நேரம் என்றது. 2008-ல் வந்தது அதை நீட்டியது.

மணி 10.02.

மூன்று மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அந்த ஒன்றரை மணி நேரத்தின் உள்ளே நிற்கிறோம். முன்பின் தெரியாத யார் யாரோ உழைத்துச் சேர்த்த நேரம்.

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை என்கிறார். அடைப்பும் கசிவும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கசிவாக இருந்திருந்தால் இதே ஊசி உயிரை எடுத்துவிடும்.

ஊசி போட்ட பிறகும் நூறில் ஆறு பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசியலாம் என்கிறார். சம்மதம் கேட்கிறார்.

லாரிகள். ஒவ்வொன்றும் வேனை ஒரு முறை அசைத்துவிட்டுப் போகிறது.

நாக்கு வறண்டிருக்கிறது.

"போடுங்க டாக்டர்."

வெளியே ஒருவர் ஆடுகளைச் சாலை கடத்துகிறார். கடைசி ஆடு தயங்கி நிற்கிறது. பிறகு அதுவும் கடக்கிறது.

*

பத்தில் ஒரு பங்கு மருந்து முதலில். மிச்சம் ஒரு மணி நேரமாக, மெல்ல.

அந்த ஒரு மணி நேரம் இங்கே சிக்கபள்ளாபூர். திராட்சைப் பந்தல்கள். நந்தி மலை நகராமல் கூடவே வருகிறது.

மூச்சு மேலேயே நிற்கிறது. அதைக் கீழே இறக்க முயலவில்லை.

*

தேவனஹள்ளி. தலைக்கு மேல் விமானம் தாழ்கிறது. மதுரைக்கு இன்று இடமில்லை. சாலைதான்.

பெங்களூர். நிற்பதும் நகர்வதுமாக. பின்னால் ஆம்புலன்ஸ் கத்துகிறது. எல்லோரும் ஒதுங்குகிறோம். உள்ளே யாருடைய அத்தையோ.

*

ஓசூர். கடைப் பலகைகளில் தமிழ்.

ஊசி ஏறி முடிந்துவிட்டது என்று செய்தி. மாற்றம் எதுவும் இல்லை.

எலுமிச்சம் சாதம் வாங்குகிறேன். பாதி சாப்பிடுகிறேன். ருசி தெரிகிறது. தெரிவது ஒரு மாதிரியாக இருக்கிறது.

*

தொப்பூர் கணவாய். நியூட்ரலில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கைகள். டீசலை மிச்சம் பிடிக்கப் போய், பிரேக் கைவிட்ட லாரிகளின் இறக்கம்.

இரண்டாம் கியர். எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைக்கிறது.

இரட்டைப் பாலம். முன்னால் லாரியின் சிவப்பு விளக்கு. அணைகிறது. எரிகிறது. அணைகிறது.

இந்த இறக்கத்தில் வேறு எண்ணமே இல்லை. அத்தை கூட இல்லை.

அடிவாரத்தில் அவள் திரும்பி வருகிறாள். இளைய வயதில், ஈரத் தலையோடு, கொடியில் துணி உலர்த்திக்கொண்டு. கிளிப்பைப் பல்லில் கடித்தபடி என்னவோ சொல்கிறாள். என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை.

*

பரமத்தி வேலூர். காவிரி. பாலத்தின் நீளம் முழுக்கக் காற்று குளிர்கிறது.

ஆறு தெரியவில்லை. இருட்டு.

*

திண்டுக்கல். நடக்கிறேன். தொடையில் இன்னும் எஞ்சின் அதிர்கிறது.

தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். கால்மாட்டில் அட்டை: வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. விழுங்கத் தெரியாத தொண்டையில் தண்ணீரும் நுரையீரலுக்குப் போய்விடும்.

எதிர்வீட்டு அக்கா பிளாஸ்க்கை மடியில் வைத்திருக்கிறாள். யாரும் குடிக்கவில்லை.

அத்தையின் கண்கள் என்னைப் பார்க்கின்றன. வலது உதடு தொங்குகிறது. தொண்டையிலிருந்து ஒரு ஓசை. இன்னொன்று.

"வந்துட்டேன் அத்தை."

இடது கை என் மணிக்கட்டைப் பிடிக்கிறது. நல்ல பிடி.

வலது கையைத் தொடுகிறேன். வெதுவெதுப்பு. கட்டைவிரல் அசைந்ததா. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

மணிக்கொரு முறை ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பட்டை இறுகுகிறது. தளர்கிறது.

ஊசி போட்டு 24 மணி நேரம் கழிய வேண்டும். அதுவரை ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை கிடையாது. பேச்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

மறு ஸ்கேன் நாளை காலை பத்தரைக்கு.