வயதைக் கேட்க வேண்டியவர் யார்?

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்கின்றன 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள். அதே ஆண்டின் இறுதியில்தான் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்தது. அன்றுமுதல், பிள்ளைகளுக்கு விற்காதே என்று ஆணையிடுவதும் அரசு, கம்பி வலைக்குப் பின்னால் நின்று விற்பதும் அரசு. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் இதில் வருவாய் பார்க்கிறவர், தானே எழுதிய விதியைத் தன் கடையில் காக்க மற்ற எவரையும்விடக் கடமைப்பட்டவர்.

இரவு பத்து மணிக்குக் கடை மூடப்போகும் நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். வலையின் இடைவெளியில் பல கைகள் ஒன்றாக நீளும். உள்ளே இருப்பவருக்குக் கையும் பணமும் தெரியும், முகம் சரியாகத் தெரியாது. அதில் ஒரு கை பதினோராம் வகுப்புப் பையனுடையது என்றால், அதை அவர் கண்டுகொள்ள வேண்டும், ஆதார் கேட்க வேண்டும், பின்னால் நிற்பவர்களின் ஏச்சையும் வாங்க வேண்டும். தொகுப்பூதியத்துக்கு நிற்கும் ஒரு விற்பனையாளரிடம் இவ்வளவையும் ஒப்படைத்துவிட்டு, அவருக்குத் துணையாக இன்னோர் ஆளைக்கூடத் தராவிட்டால், அந்த விதி காகிதத்தில்தான் இருக்கும்.

தூர விதியும் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளியிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர். மதிய இடைவேளையில் ஒரு மாணவன் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான் அது. வாங்குவதை இந்த அளவு தடுக்காது. ஆனாலும் தினமும் காலையும் மாலையும் பாரைக் கடந்து நடக்கும் பிள்ளைக்கு, குடி என்பது பெரியவர்கள் செய்யும் சாதாரண வேலைகளில் ஒன்றாகப் பதிந்துபோகிறது. பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் அருகில் இருந்த ஒரு கடையை அகற்றச் சொல்லி மார்த்தாண்டம் அருகே செல்பேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31 அன்று அந்தப் போராட்டத்திலேயே உயிர்விட்டார். அவர் கேட்டது மிகச் சிறிய சலுகை.

கடைக்குப் போகாமலேயே பையனுக்குச் சரக்கு கிடைக்கும் வழியும் உண்டு. தெருவில் மூத்தவர் ஒருவர் போதும். திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ‘ஒரு கட்டிங்தானே தம்பி’ என்று நீட்டுகிற அந்த அன்பு, கொடுமையான அன்பு. கடைக்கு வெளியே நடக்கும் இதைச் சட்டம் எட்டிப் பிடிப்பது கடினம். எனினும் அந்த அண்ணனும் கடையில்தான் வாங்கியாக வேண்டும். பத்தடியில் கிடைக்கும் குவார்ட்டரைத் தம்பிக்கும் சேர்த்து வாங்குவார். பேருந்து ஏறிப் போக வேண்டுமென்றால் அந்தத் தாராளம் குறையவே செய்யும். கடைகளின் எண்ணிக்கையும் நேரமும் குறைவது பிள்ளைகளைக் காப்பது இப்படித்தான். 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டதை இந்த வகையில் நல்ல செயலென்றே சொல்ல வேண்டும்.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்ற மறுப்பை அலட்சியம் செய்ய முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்தால் இறந்தார்கள். ஆனால் அது முழு மதுவிலக்கைப் பற்றிய வாதம். வயதைக் கேட்பதற்கு எதிராக அதைத் தூக்கி வருவது பொருந்தாது. பெரியவர்களின் உரிமை என்ற வாதமும் அப்படியே. அட்டையைக் காட்டுவதில் ஒரு பெரியவருக்குப் போவது அரை நிமிடம். பதினாறு வயதில் தொடங்கும் பழக்கம் ஒருவருடைய படிப்பையும் வேலையையும் குடும்பத்தையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நியாயமில்லை.

சிறுவனுக்கு விற்றது தெரிந்தால் விற்பனையாளரை இடைநீக்கம் செய்வது எளிது. அதற்குப் பதில் அந்தக் கடையை ஒரு வாரம் மூட வேண்டும். அப்போது இழப்பு மேலே வரை போகும். கூட்ட நேரத்தில் வயது பார்க்க இன்னோர் ஆளை நியமிக்கும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.