கை அறிந்த பொருள்

விலை கொடுத்து வாங்கக்கூடிய ஒன்றைத் தானே செய்ய முற்படுபவன் அறிவுடையவனா, காலத்தை வீணாக்குபவனா? கடைத்தெருவே வீட்டு வாயிலுக்கு வந்துவிட்ட இந்நாளில் இவ்வினா நம் அனைவரையும் தொடுகிறது.

1963ஆம் ஆண்டு ஆகஸ்டில், இலண்டன் புறநகர் ஒன்றில் வாழ்ந்த 16 வயது மாணவர் பிரையன் மே ஒரு மின் கித்தாருக்கு ஆசைப்பட்டார். கடை விலையோ குடும்ப வரவுக்கு எட்டாதது. மின்னணுவியலில் தேர்ந்த தந்தை ஹெரால்ட் மே பணம் தரவில்லை. தம் ஓய்வுப் பொழுதைத் தந்தார்.

பழைய கணப்பொன்றின் மேற்சட்டமாயிருந்த மகாகனி மரம் கித்தாரின் கழுத்தாயிற்று. அதில் புழு அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். பழைய மேசையின் ஓக் மரமும் ஒட்டுப்பலகையும் உடலாயின. ஒலிபெருக்கியின் ஓசைக்கு மரமும் மறுமொழி கூற வேண்டுமென்று உள்ளே வெற்றிடம் விட்டனர். 1928ஆம் ஆண்டுப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள் தந்திகளின் இழுவிசைக்கு ஈடு கொடுத்தன. தாயின் தையற்பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள் விரற்பலகையில் புள்ளிகளாயின. ஏறத்தாழ ஈராண்டு உழைப்பு. செலவு 8 பவுன் அளவே.

இல்லாமை செய்வித்த வேலைதானே, இதில் அறம் எங்கே என்று கேட்கலாம். பிற்காலத்தில் குவீன் இசைக்குழுவின் வழியே அவர் உலகப் புகழ் எய்தினார். எந்தக் கித்தாரும் அவருக்கு எட்டாததன்று. எனினும் 2002ஆம் ஆண்டு பக்கிங்காம் அரண்மனையின் கூரைமீது நின்று அவர் இசைத்தது அந்தக் கித்தாரைத்தான். இல்லாமை நீங்கிய பின்னும் உறவு நீங்கவில்லை.

அப்படியாயின், எல்லாரும் எல்லாவற்றையும் செய்துகொள்ள வேண்டுமா? அதுவும் அன்று. தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் காந்தச் சுருள்களையும் அவர்கள் முதலில் தாமே செய்தனர். தந்தியை வளைத்து வாசிக்கையில் வேண்டா ஓசை எழுந்தது. குறையை மறைக்காமல், பர்ன்ஸ் நிறுவனத்தின் சுருள்களை வாங்கிப் பொருத்தினர். கையின் வலிமையோடு அதன் எல்லையையும் அறிவதே உண்மையான கைத்திறன்.

வாங்கிய பொருள் பழுதானால் செய்தவனைப் பழிக்கிறோம். நாமே செய்தது பழுதானால் பழி நம் கைக்கே வருகிறது. அப்பழியை ஏற்று, பிரித்து, மீண்டும் பொருத்தும் பொறுமையே பொறுப்பு என்னும் அறத்தின் முதற்பாடம். இப்பாடம் எக்கடையிலும் விற்கப்படுவதில்லை.

நம் பிள்ளைகள் ஒன்றைக் கேட்கும்போது பணப்பையைத் திறப்பது எளிது. உடன் அமர்ந்து செய்வது அரிது. பெருநகரத்தின் சிறு வீட்டில் இழைப்புளி பிடிக்க இடமேது என்போம். இல்லாதது இடமா, பொழுதா, மனமா என்பதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோமாக.