அளவுக் கொப்பி

நவம்பர் 5ஆம் திகதி இரவு லண்டன் சட்டன் வானம் முழுக்க வாணம். 1605இல் நாடாளுமன்றத்துக்கு அடியில் வெடிமருந்தோடு அகப்பட்ட கை ஃபோக்ஸின் கதையை இந்த நாட்டார் இன்றைக்கும் வெடி கொளுத்தித்தான் நினைக்கிறார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். முதல் வெடி கேட்டதும் அம்மா யன்னல் சீலைகளை இழுத்துவிட்டு, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிடுவார். செல்லடி ஞாபகம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதுவும்தான். எனக்கோ சத்தத்தைவிட அந்தத் திகதிதான் தொந்தரவு.

மகள் பதினோராம் ஆண்டு படிக்கும்போது ஒரு நவம்பர் 5 இரவு, சமையலறை மேசையில் சரித்திரக் கொப்பியை விரித்துவைத்திருந்தாள். முதலாம் உலகப் போரின் காரணங்கள். தாளில் கோடு கீறி மூன்று பத்தி பிரித்திருந்தாள்: நீண்டகாலக் காரணம், கிட்டிய காரணம், பொறி. பொறிக்குக் கீழே 1914 ஜூன் 28, சரயேவோ. அதே முறையில் உங்களுக்குத் தெரிந்த இன்னொரு போரையும் எழுதிப் பாருங்கள் என்று ஆசிரியை சொல்லியிருந்தாவாம்.

"எங்கட சண்டையை எழுதட்டா அம்மா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். திகதிகள் நாக்கு நுனியில் நின்றன. 1948 குடியுரிமைச் சட்டம், அதைத் தொடர்ந்து வந்த 1949 சட்டங்கள்: தேயிலை பறித்த பல இலட்சம் மலையகத் தமிழர் நாடும் வாக்கும் இல்லாதவர்களாக ஆக்கப்பட்டார்கள். 1956 ஜூன் 5, தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்த நாள், காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் காடையர் அடித்தார்கள். அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் போனார். 1957இல் பண்டாரநாயக்கா செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். அடுத்த ஏப்ரலில் பிக்குகள் ரோஸ்மீட் பிளேஸில் அவர் வீட்டு வாசலில் வந்து இருந்ததும் அதைக் கிழித்தார். 1965இல் டட்லியோடு இன்னோர் ஒப்பந்தம், அதுவும் கைவிடப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். 1981இல் யாழ் நூலகம் எரிந்தது, ஏறக்குறைய 97,000 நூல்கள். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டது, பிறகு கொழும்பு எரிந்தது, வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாளில் 53 கைதிகள் கொல்லப்பட்டது. மகளின் பேனை என் வாயோடு ஓட முடியாமல் ஓடியது. மூன்று பத்தியும் நிரம்பிவிட்டன.

முதல் பத்தியில் ஒரு சின்ன இடத்தை மட்டும் கெதியாகத் தாண்டினேன். மலையக மக்களின் வாக்கைப் பறித்த அந்தக் காலத்தில்தான் எங்கள் ஜி. ஜி. பொன்னம்பலம் அந்த அமைச்சரவையில் போய் இருந்தார். செல்வநாயகம் அதோடு பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதை மகளுக்குச் சொன்னேன். அவர் எதைவிட்டுப் பிரிந்தார் என்பதைச் சொல்லவில்லை.

"இன்னொரு பத்தி இருக்கம்மா. மிஸ் சொன்னவ, கடைசியில ஆர் பொறுப்பு எண்டும் எழுத வேணும். வேர்சாய் ஒப்பந்தத்தில 231ஆம் பிரிவு மாதிரி."

"அரசாங்கம்தான்," என்றேன்.

"முழுக்க?"

வெளியே ஒரு வாணம் நீளமாகச் சீறிக்கொண்டு போனது. நான் எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினேன்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கொக்குவிலில் இருந்தோம். மின்சாரம் நின்றுபோயிற்று. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். துணி வாங்க வழியில்லை. பழைய சேலையில்தான் சட்டை. அந்த நவம்பரில் ஒருநாள் அப்பா ஒரு தள்ளுவண்டியில் கால்மிதித் தையல் மெசின் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். கறுப்பு உடம்பில் தங்கநிறப் பூ, ஓரத்தில் பூ கொஞ்சம் தேய்ந்திருந்தது. வலது கை உராய்ந்து உராய்ந்து தேய்ந்த இடம். அம்மாவுக்கு வெகுநாள் ஆசை. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். எங்கே வாங்கினது என்று கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், அந்த மாதம் யாழ்ப்பாணத்தில் மெசினும் அலுமாரியும் ஏன் மலிந்திருந்தன என்று.

1990 ஒக்டோபர் 30 காலை, யாழ்ப்பாண முஸ்லிம்களின் சோனகத் தெருவில் ஒலிபெருக்கி கட்டி எல்லோரையும் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். புலிகள் அவர்களுக்குக் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். வீட்டுத் திறப்பையும் கடைத் திறப்பையும் விட்டுவிட்டு, கையில் சிறு தொகையோடு வெளியேற வேண்டும். வழியில் பெண்களின் தோடுகளையும் கழற்றி வாங்கினார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி எல்லாம் சேர்த்து வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் போய் விழுந்தார்கள். அவர்களும் எங்கள் தமிழைத்தான் பேசினார்கள். எங்கள் அம்மாவுக்குச் சட்டை தைத்தவர்கள், எங்கள் அப்பாவின் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டவர்கள்.

மெசினின் மர லாச்சியைத் திறந்தது நான்தான். உள்ளே நீலச் சோக்குத் துண்டு, ஊசிப் பெட்டி, நுனி தேய்ந்த அளவு நாடா, ஒரு கொப்பி. முதல் பக்கத்தில் மேலே 786 என்று எழுதியிருந்தது. பிறகு பக்கத்துக்குப் பக்கம் அளவுகள்: கழுத்து, தோள், கை நீளம், உயரம். பெயருக்குப் பக்கத்தில் முற்பணம், கொடுக்கவேண்டிய நாள். கொடுத்தவற்றைக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் வெட்டாமல் கிடந்தது ஒரு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. உயரம் அந்த நேரம் என் உயரம். முற்பணம் இருபது ரூபா. கொடுக்கும் நாள் நவம்பர் 5.

அம்மா எட்டிப் பார்த்தார். கொப்பியை என் கையிலிருந்து எடுத்து மூடி, திரும்ப லாச்சிக்குள் வைத்தார். எறியவில்லை. அடுத்த ஐந்து வருடமும் என் பள்ளிக்கூடச் சட்டைகளை அந்த மெசினில்தான் தைத்தார். கொப்பி அதே லாச்சியில், அதே இடத்தில்.

1995இல் இராணுவம் வலிகாமத்துக்குள் வந்தது. எங்கள் வீதியில் ஒலிபெருக்கி கட்டி எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். அன்றைக்கும் ஒக்டோபர் 30. ஐந்து வருடம் கழித்து அதே நாள், அதே இயக்கத்தின் ஒலிபெருக்கி. இலட்சக்கணக்கான சனம் மழையில் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்துக்கு அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். கிழவிகளைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் கொக்குவிலுக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லை. மெசின் இருந்த இடத்தில் சீமெந்தில் நான்கு கால் அடையாளம் மட்டும். ஆரோ எங்கள் மெசினைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நான் அழுதேன். எங்கள் மெசின் என்று சொல்லித்தான் அழுதேன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் கொப்பி ஞாபகம் வந்தது.

போரைப் பற்றிக் கேட்டால் நாங்கள் காரணம் சொல்லப் பழகியிருக்கிறோம். நான் சொன்ன காரணங்களில் ஒன்றும் பொய்யில்லை. ஒப்பந்தத்தைக் கிழித்தவர்கள் கிழித்தார்கள், எரித்தவர்கள் எரித்தார்கள். பதினெட்டு வயதுப் பெடியன் ஏன் துவக்குத் தூக்கினான் என்பதற்கு அந்த மூன்று பத்தியும் பதில் சொல்லும். அந்த லாச்சியில் வெட்டாமல் கிடந்த வரிக்கு அவை பதில் சொல்லாது. தனிச் சிங்களச் சட்டத்துக்கும் ஒரு தையல்காரரின் முற்பணக் கணக்குக்கும் நடுவே எத்தனை காரணத்தை நிரப்பினாலும், 'அதனால் நீ வெளியே போ' என்று முடிகிற வசனம் எனக்கு எழுத வரவில்லை. கிழக்கில் அந்த வருடம் இரத்தம் ஓடியது உண்மை. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டார்கள்; செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகளோடு 180க்கு மேற்பட்ட தமிழரை இராணுவம் கொன்றது. அந்த ஊர்களின் பழியைச் சோனகத் தெருச் சிறுமியின் சட்டையில் எப்படிக் கட்டுவது?

இங்கே இதைப் பேசினால் உடனே ஒரு குரல் வரும்: "இப்ப இதைக் கதைச்சால் ஆருக்கு லாபம்? சிங்களவனுக்குத்தானே?" அந்தக் குரலை நான் இகழமாட்டேன், அது என் குரலாகவும் இருந்திருக்கிறது. 2009 வசந்தத்தில், மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருக்க, நான் சட்டனிலிருந்து ரயில் ஏறி நாடாளுமன்றச் சதுக்கத்துக்குப் போய் நின்றேன். பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்த நிலத்திலேயே அரசு செல் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிகள் மேல் விழுந்தன. நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம், உலகம் கேட்கவில்லை. பிறகு மெனிக் ஃபாம் முகாமிலிருந்து ஒரு சொந்தக்காரி தொலைபேசியில் சொன்னாள், கடலேரியைக் கடந்து வரப் பார்த்தவர்களை எங்கள் பெடியளே சுட்டார்கள் என்று. பதினைந்து வயதுப் பிள்ளையைப் பங்கருக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள் என்று. நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு இரண்டையும் எழுதியது. பொதுமக்களில் பெரும்பாலானோர் இறந்தது அரச செல்லடியில். 40,000 பேர்வரை இறந்திருக்கலாம். தப்பிப் போனவர்களைச் சுட்டது புலிகள். இரண்டும் ஒரே அளவு என்று நான் சொல்லவரவில்லை. தன் குடிமக்கள் மேல் பீரங்கி திருப்பிய அரசு இன்னும் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. அவர்களின் பெரிய கடன் தீரும்வரை எங்கள் கடனைப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லும் இடத்தில்தான் என்னால் நிற்க முடியவில்லை. தையல்காரர் அதுவரை காத்திருக்க வேண்டுமா?

ஜெர்மனியில் 1961இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற சரித்திர ஆசிரியர், முதலாம் உலகப் போரில் தன் நாட்டின் பொறுப்பே பெரிது என்று புத்தகம் எழுதினார். சக பேராசிரியர்கள் பாய்ந்தார்கள். அரசு அவருடைய அமெரிக்கப் பயணத்துக்கான பணத்தை நிறுத்தியது. அவர் உயிரோடு இருந்தார், எழுதிக்கொண்டிருந்தார். எங்களில் அந்த வேலையைச் செய்தவர் ராஜினி திராணகம. யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர், 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவர். இங்கே லிவர்பூலில் படித்துவிட்டு, இருந்துவிடலாம் என்று இராமல் ஊருக்குத் திரும்பினார். இராணுவம் செய்ததையும் எழுதினார், இந்திய அமைதிப்படை செய்ததையும் எழுதினார், இயக்கங்கள் செய்ததையும் எழுதினார். 1989 செப்டெம்பர் 21 பின்னேரம் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. நான்காவது பத்தியை எழுத வந்தவரை நாங்கள் வீதியில் விழவிட்டோம். எங்களில் மற்றவர்கள் அதற்குப் பிறகு ஏன் மூன்று பத்தியோடு நிறுத்திக்கொண்டோம் என்பது அதிலிருந்தே விளங்கும்.

மரக்கறி வாங்க 280 பஸ் எடுத்து ரோஸ்ஹில், மிட்சம் தாண்டி டூட்டிங்குக்குப் போவேன். ஒருநாள் முருங்கைக்காய்க் கட்டுக்கு முன்னால் ஒரு முதியவர் என் தமிழைக் கேட்டுத் திரும்பினார். தொப்பி, வெள்ளைத் தாடி.

"தங்கச்சி யாழ்ப்பாணமோ?"

"ஓம் நானா. கொக்குவில்."

"நாங்க சோனகத் தெரு."

அவர் முகம் மலர்ந்தது. பெரியகடை, வின்சர் தியேட்டர், ஆரியகுளம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார், ஏதோ நான்தான் அவற்றைக் காவல் காத்து வைத்திருப்பதுபோல. பிறகு கேட்டார், "தொண்ணூறில அங்கதான் இருந்தீங்களோ?"

"ஓம்."

அவர் ஒரு முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்த்தார். எங்களுக்கு என்ன நடந்தது என்று தெரியுமா என்று கேட்கவில்லை. தெரிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். "இது முத்தல், மற்றதை எடுங்கோ," என்று எனக்கு ஒரு கட்டைப் பொறுக்கித் தந்துவிட்டுப் போனார். மெசினைப் பற்றிச் சொல்ல என் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கட்டு மடியில் கனத்தது.

சட்டன் மேனர் பூங்காவில் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரும் அங்கே பொப்பி மாலை வைப்பார்கள். மே மாதம் நாங்கள் சிரட்டையில் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடிக்கிறோம். உப்பு மட்டும் போட்ட கஞ்சி, செத்தவர்கள் கடைசியாகக் குடித்தது. நவம்பர் 27க்கு மாவீரருக்கு விளக்கேற்றுகிறோம். இவை எனக்கு வேண்டும், என் பிள்ளைகளுக்கும் வேண்டும். எங்கள் வீட்டு நாட்காட்டியில் ஒக்டோபர் 30 வெறுமையாக இருக்கிறது. 1995ஐ நினைத்து இடம்பெயர்வுக் கதை சொல்வோம். 1990 அதற்கு அடியில் கிடக்கிறது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் உலகப் பத்திரிகையாளர் முன்னால் புலிகளே அந்த வெளியேற்றத்துக்கு வருத்தம் சொன்னார்கள். மெசின் வாங்கிய வீடுகள் இன்னும் சொல்லவில்லை.

அந்த நவம்பர் 5 இரவு, கோப்பை கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன். மகள் நான்காவது பத்திக்குக் கோடு கீறி வைத்துக் காத்திருந்தாள். நான் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன், பொன்னம்பலத்திலிருந்து கொப்பி வரைக்கும். அவள் எழுதாமல் கேட்டாள். முடிய, "அம்மம்மாவுக்கு இது தெரியுமோ?" என்றாள். நான் பதில் சொல்லுமுன் எழும்பி முன் அறைக்குப் போனாள்.

வெளியே வெடி ஓய்ந்திருந்தது. தொலைக்காட்சிச் சத்தத்துக்கு மேலால் அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

"அம்மம்மா, அந்த மெசினை எவ்வளவுக்கு வாங்கினீங்கள்?"

எந்த மெசின் என்று அம்மா கேட்கவில்லை.

"அறுநூறு ரூபா."